கடல், காற்று, குழம்பு, சோப்பு: இதமான எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

பாம்பன்கரை:

எல்லாருக்கும் வணக்கம். பாம்பனில் வீட்டோடு சேர்ந்த நாலு அறைகளை விருந்தினர்களுக்கு விடுகிறோம். சாப்பாடு எங்கள் அடுப்படியிலேயே. காலையில் கரையோரமாக ஒரு படகுச் சுற்று உண்டு. பெண்கள் குழு செய்யும் தேங்காய் எண்ணெய் சோப்பும் வாசலில் விற்பனைக்கு இருக்கிறது. இவ்வளவையும் ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குள் எழுத வேண்டும். படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் வடநாட்டுக்காரர்கள், மீதி வெளிநாட்டுக்காரர்கள்.

அகராதியைப் புரட்டினால் ஜென்டில், மைல்ட், சாஃப்ட், சூதிங், மெல்லோ, ப்ளேண்ட், டெண்டர், ஸ்மூத், பாமி, ப்ளாஸிட் எல்லாவற்றுக்கும் 'மென்மையான, இதமான' என்றே போட்டிருக்கிறது. அதை வைத்து இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

கடலுக்கு: 'மைல்ட் ஸீ, காம் ஆல் இயர்'.
காற்றுக்கு: 'ஃப்ரெஷ் ப்ரீஸ் ஆல் டே'.
சாப்பாட்டுக்கு: 'ஹோம்லி ஃபுட், ப்ளேண்ட் ஃபிஷ் கறி'.
கிணற்றுக்கு: 'ஸ்வீட் வாட்டர் வெல்'.
சோப்புக்கு: 'ஃபார் டெண்டர் ஸ்கின்'.
வீட்டுக்காரர்களுக்கு: 'ஸ்மூத் அண்ட் அமிக்கபிள் ஹோஸ்ட்ஸ்'.

எது நிற்கும், எதைத் தூக்கணும்? தூக்கினால் அங்கே எதைப் போடணும்?

மண்டபம்_படகு:

அண்ணே, கடலையும் காத்தையும் நான் சொல்றேன். மத்ததுக்கு வாத்தியார் வருவாரு.

'ஃப்ரெஷ் ப்ரீஸ்'னா நமக்குச் சுகமான காத்து. கடல்கணக்கு தெரிஞ்சவனுக்கு அது வேற. பிரிட்டிஷ் கடற்படையில இருந்த பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1805ல காத்துக்கு ஒரு அளவுகோல் போட்டாரு, உலகம் பூரா இன்னைக்கும் அதைத்தான் வச்சிருக்காங்க. அதுல 'லைட் ப்ரீஸ்'னா 4லேர்ந்து 6 நாட் (கடல்ல வேகத்துக்கு வச்சிருக்க அளவு). மூஞ்சியில படுறது தெரியும், இலை சலசலக்கும், அவ்வளவுதான். 'ஜென்டில் ப்ரீஸ்'னா 7லேர்ந்து 10 நாட், மணிக்கு 12லேர்ந்து 19 கிலோமீட்டர். இலையும் சின்னக் குச்சியும் விடாம ஆடும், லேசான கொடி விரிஞ்சு நிக்கும். அதுக்கு மேல 11லேர்ந்து 16 நாட் 'மாடரேட்', தூசியும் காகிதமும் கிளம்பிடும். உங்க 'ஃப்ரெஷ் ப்ரீஸ்' அதுக்கும் மேல: 17லேர்ந்து 21 நாட், மணிக்கு 29லேர்ந்து 38 கிலோமீட்டர். சின்ன மரமே ஆடும், கடல் எங்கும் வெள்ளை வெள்ளையா நுரை தெரியும். பாய்மரம் ஓட்டுற வெள்ளைக்காரன் அந்த வரியைப் படிச்சா படகுச் சவாரிக்கு வர யோசிப்பான், இல்லைன்னா அலைப்பலகையைத் தூக்கிக்கிட்டு வந்துருவான். ரெண்டுமே உங்களுக்கு வேண்டாம். 'ஜென்டில் ஸீ ப்ரீஸ்'னு மாத்துங்க. 'ஃப்ரெஷ் ஏர்'னு எழுதினா குத்தமில்ல, அது நல்ல காத்துதான். 'ப்ரீஸ்' கூடச் சேர்ந்தாதான் வில்லங்கம்.

'ஆல் டே'யையும் எடுத்துடுங்க. பகல்ல கரை சுட்டதும் கடல்லேர்ந்து காத்து ஏறும், ராத்திரி கரை ஆறினதும் திருப்பி அடிக்கும். நடுவுல காலையிலயும் சாயங்காலமும் கொஞ்ச நேரம் அசையாம நிக்கும். அப்படி ஓய்ஞ்சு நிக்கிற நேரத்துக்கு ஆங்கிலத்துல 'லல்'னு பேரு. தாலாட்டுக்கு 'லல்லபை'ங்கிறாங்களே, அதுல வர்ற 'லல்'தான். ஆனா 'லல்'னா மறுபடி கிளம்பப் போகுதுன்னும் அர்த்தம் ஒட்டிக்கிட்டே இருக்கும். விளம்பரத்துக்கு ஆகாது.

அடுத்து 'மைல்ட் ஸீ'. வெயில், குளிர், காய்ச்சல், சோப்பு, காரம் இதுக்கெல்லாம் 'மைல்ட்' வரும். கடலுக்கு அப்படிச் சொல்ற வழக்கம் இல்ல. கடலுக்கு 'காம்', 'ஸ்மூத்', 'ஸ்டில்'தான். வானிலை அறிக்கையில இதுக்கும் அலை உயரக் கணக்கு உண்டு: அலை 10 சென்டிமீட்டர் வரைக்கும் 'காம்', அரை மீட்டர் வரைக்கும் 'ஸ்மூத்', 1.25 மீட்டர் வரைக்கும் 'ஸ்லைட்', 2.5 மீட்டர் வரைக்கும் 'மாடரேட்', அதுக்கு மேல 'ரஃப்'. இதுல 'மாடரேட்'டை நம்பி ஏமாந்துடாதீங்க. மிதமானதுன்னு அகராதி சொல்லும். ஆள் உயரத்துக்கு வர்ற அலையில வள்ளத்துல பிள்ளைகுட்டியை ஏத்திக்கிட்டுப் போக முடியாது. அன்னைக்கு விருந்தாளி கேட்டா 'மாடரேட், ஸோ நோ ட்ரிப்'னு சொல்லுங்க.

'ஆல் இயர்'ங்கிறது மொத்தமாத் தப்பு. பாம்பன்ல ஒரே ஊருக்கு ரெண்டு கடல். கச்சான், அதாவது தென்மேற்குக் காத்து, அடிக்கிற மாசத்துல, மே கடைசியிலேர்ந்து செப்டம்பர் வரைக்கும், தென்கடல் பொங்கும், வடகடல் படுத்திருக்கும். வாடை கிளம்பிட்டா வடகடல் கலங்கும், தென்கடல் அடங்கும். வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல்னும் தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல்னும் நம்ம ஆளுங்க சொல்றதை வழிகாட்டிங்க அப்படியே ஆங்கிலத்துல சொல்லிடுறாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அதைப் படிச்சுட்டு ஒருத்தர் டிசம்பர்ல வடகரையில பிள்ளையை இறக்கினா? எந்தக் கரை, எந்த மாசம்னு ரெண்டையும் போட்டாத்தான் 'காம்'ங்கிற சொல்லுக்கு மதிப்பு. தனுஷ்கோடிக்கு அந்தாண்ட இருக்க அரிச்சல்முனையைப் பத்தி ஒரு வரி எழுதினாலும் அங்க 'காம்', 'ஜென்டில்' ரெண்டையும் கொண்டு வராதீங்க. தண்ணி மேல சும்மா கிடக்கிற மாதிரி தெரியும், அடியில இழுப்பு பொல்லாதது.

கீழக்கரை_வாத்தியார்:

தம்பி மண்டபம் சொன்னது அத்தனையும் சரி. நான் ஆளையும் சாப்பாட்டையும் எடுத்துக்கொள்கிறேன்.

'ஹோம்லி ஃபுட்' முதலில் போகட்டும். இங்கே மணமகள் விளம்பரம் வரைக்கும் 'ஹோம்லி' நல்ல சொல். பிரிட்டனிலும் வீடு மாதிரி எளிமையானது என்ற பொருள் உண்டு. அமெரிக்கரிடம் ஒரு பெண்ணை 'ஹோம்லி' என்றால் அழகில்லாதவள் என்று சொன்னதாகிவிடும். சாப்பாட்டுக்கு 'ஹோம்மேட்' அல்லது 'ஹோம் குக்ட்'. அறைக்கு 'கோஸி' என்று எழுத யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். வெளியே குளிரும்போது உள்ளே கதகதப்பாக இருப்பதுதான் 'கோஸி'. போதாததற்கு, சின்ன அறையை நாசூக்காக விற்க வீட்டுத் தரகர்கள் அந்தச் சொல்லைத் தேய்த்துவிட்டார்கள். பாம்பன் வெயிலில் விருந்தினர் தேடுவது 'ஏரி' (காற்றோட்டமானது), 'கூல்', 'ஷேடி'. இதில் 'ஷேடி' மரத்தடிக்கும் திண்ணைக்கும் மட்டும். ஆளுக்கோ கடைக்கோ போட்டால் தில்லுமுல்லு என்று பொருள்.

'ப்ளேண்ட் ஃபிஷ் கறி' என்று எழுதினால் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை, சப்பென்று இருக்கும் என்று நீங்களே ஒத்துக்கொண்ட மாதிரி. லத்தீனில் 'ப்ளாண்டுஸ்' இதமானது, கெஞ்சிக் கொஞ்சுவது என்ற நல்ல பொருளோடுதான் கிளம்பியது. வழியில் சுவை போய்விட்டது. இன்று அதை நல்ல அர்த்தத்தில் சொல்வது வயிற்றுப்புண்காரருக்குப் பத்தியம் எழுதும் டாக்டர் மட்டுமே. காரம் குறைவு என்றால் 'மைல்ட்'. அதைவிடத் தெளிவு 'மைல்ட்லி ஸ்பைஸ்ட்'. ஆனால் யாருடைய நாக்குக்கு மைல்ட் என்ற கேள்வி இருக்கிறது. முண்டு மிளகாயை அரைத்து ஊற்றிவிட்டு, நமக்கு உறைக்கவில்லை என்பதற்காக 'மைல்ட்' போட முடியாது. என்ன செய்தீர்கள் என்பதை எழுதுங்கள்: 'குக்ட் இன் கோகனட் மில்க், நோ ரெட் சில்லி'. படிப்பவர் அவரே முடிவு செய்துகொள்வார்.

கடல் உணவில் இன்னும் மூன்று சொற்கள் குழம்பும். வெந்த மீன் இதழ் இதழாகப் பிரிவது 'ஃப்ளேக்கி'. வெள்ளைச் சதை மீனின் மெல்லிய சுவை 'டெலிகேட்'. பல்லுக்கு எளிதாக இருப்பது 'டெண்டர்'. இறைச்சிக்கும் கணவாய்க்கும் அதுதான். கணவாய் சட்டியில் இரண்டு மூன்று நிமிடம் தாண்டினால் ரப்பராகிவிடும், பிறகு முக்கால் மணி நேரம் வேகவைத்தால்தான் மறுபடி இளகும். 'டெண்டர் ஸ்க்விட்' என்று எழுதும் முன் சமையல்கட்டில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இளநீருக்கு நாம் போடும் 'டெண்டர் கோகனட்' இந்தியாவுக்குள் செல்லும். வெளியூர்க்காரருக்கு 'யங்' அல்லது 'க்ரீன் கோகனட்' என்றால் உடனே பிடிபடும். நுங்குக்கு 'சாஃப்ட் அண்ட் ஜெல்லி லைக்' போதும்.

கருப்பட்டிக்கு வெறும் 'ஸ்வீட்' போடாமல் 'மெல்லோ' போடலாம். பழுத்தது, முதிர்ந்தது, கூர் மழுங்கியது என்ற நிறைவு அதில் உண்டு. கனிக்கும், பழைய மதுவுக்கும், சாயங்கால வெளிச்சத்துக்கும், வயதாகிக் கோபம் தணிந்த மனிதருக்கும் அந்த ஒரே சொல். பதநீருக்கு அது சேராது. அன்றன்றைக்கு இறக்கிக் குடிப்பது எப்படி முதிரும்?

'ஸ்வீட் வாட்டர்' நம் 'நல்ல தண்ணி'யின் நேர்ப்பெயர்ப்பு. ஆங்கிலத்திலும் பழைய வழக்கில் உண்டு, இருந்தாலும் இன்றைய விருந்தினர் சர்க்கரைத் தண்ணீர் என்று சிரிப்பார். உப்பில்லாதது 'ஃப்ரெஷ் வாட்டர்'. அது குடிக்கத் தக்கது என்று சொன்னதாகாது. குடிக்கலாம் என்றால் 'ட்ரிங்கிங் வாட்டர்' என்று தனியாகப் போட வேண்டும். அதைத் தண்ணீரைப் பரிசோதித்த பிறகே எழுதுங்கள்.

இனி 'ஸ்மூத் அண்ட் அமிக்கபிள் ஹோஸ்ட்ஸ்'. மேசை 'ஸ்மூத்', சாலை 'ஸ்மூத்', பயணம் 'ஸ்மூத்'. ஆள் 'ஸ்மூத்' என்றால் வழுக்கிப் பேசிப் பணம் பறிப்பவர் என்ற சந்தேகம் வரும். 'ஸ்வாவ்' என்ற சொல்லுக்கும் லேசாக அந்த வாடை உண்டு. 'அமிக்கபிள்' ஆளுக்கு வராது, உறவுக்கும் ஒப்பந்தத்துக்கும் வரும்; வழக்கைப் பேசித் தீர்த்துக்கொண்டால் அது 'அமிக்கபிள் ஸெட்டில்மென்ட்'. ஆளுக்கு 'ஏமியபிள்'. இரண்டும் ஒரே லத்தீன் வேர், பாகம் பிரித்துக்கொண்டு போய்விட்டன. எளிதாகப் பேச்சுக் கொடுக்கலாம் என்றால் 'அஃபபிள்', முகமலர்ச்சியோடு வரவேற்பவர் 'ஜீனியல்'. விருந்து வைப்பவருக்கு 'ஜீனியல்' நன்றாகப் பொருந்தும், ஆனால் தன்னைத்தானே அப்படிச் சொல்லிக்கொள்வது அசட்டுத்தனம். 'தி ஃபேமிலி லிவ்ஸ் நெக்ஸ்ட் டோர் அண்ட் ஸ்பீக்ஸ் டமில், ஹிந்தி அண்ட் இங்க்லிஷ்' என்று எழுதினால் நீங்கள் நல்லவர் என்பதை வந்தவரே மதிப்புரையில் எழுதுவார்.

'நைஸ்' என்ற சொல்லை நீங்கள் கேட்கவில்லை, கேட்காமல் விட்டதே நல்லது. லத்தீன் 'நெஸ்கியுஸ்', அதாவது அறியாதவன், என்பதிலிருந்து வந்து ஆங்கிலத்தில் முதலில் முட்டாளைக் குறித்தது. பிறகு நொச்சுப் பிடித்தவர், பிறகு நுட்பமானது, கடைசியில் எதற்கும் போடும் பொடி உப்பு. தவறில்லை, தகவலும் இல்லை.

உச்சிப்புளி_சோப்பு:

அண்ணே, சோப்பு வரி மட்டும்.

'டெண்டர் ஸ்கின்'னா நீங்க குழந்தைத் தோலை நினைச்சு எழுதியிருப்பீங்க. மருத்துவத்துல 'டெண்டர்'னா தொட்டா வலிக்குதுன்னு அர்த்தம். வயித்தை அமுக்கிப் பாத்துட்டு டாக்டர் எழுதுவாரே, அந்த 'டெண்டர்'. சட்டுனு சிவக்கிற, அரிக்கிற தோல் 'ஸென்ஸிட்டிவ் ஸ்கின்'. ஆனா அந்தச் சொல்லைப் போட்டா வாங்குறவங்க அதை வாக்குறுதியா எடுத்துக்குவாங்க, பாத்துக்கங்க.

'ஜென்டில்', 'மைல்ட்' போடுறதுக்கு முன்னாடி குழுவுல என்ன கணக்குல காய்ச்சுறாங்கன்னு கேளுங்க. தேங்காய் எண்ணெய் மட்டும் வச்சுச் செய்யுற சோப்பு நுரைக்கும், அழுக்கை நல்லா எடுக்கும், அதே வேகத்துல தோல்ல இருக்க எண்ணெயையும் எடுத்துடும். குளிச்சதும் தோல் இழுக்கும். 1 கிலோ தேங்காய் எண்ணெய் முழுக்க சோப்பாக ஏறக்குறைய 183 கிராம் காஸ்டிக் சோடா வேணும். 5 சதவீதம் எண்ணெயை மிச்சம் விட்டா 174 கிராம். அந்தக் கட்டியை 'மைல்ட்'னு விக்க மனசு வராது. 20 சதவீதம் மிச்சம் விட்டு 146 கிராம்ல நிறுத்தினா தோலுக்கு இதமா இருக்கும். 4லேர்ந்து 6 வாரம் காத்தாட அடுக்கி வச்சு ஆறவிடணும். அவசரப்பட்டு எடுத்தா கட்டி சீக்கிரம் கரையும், தோலுக்கும் உறுத்தலா இருக்கும். நம்ம கரையில காத்துல ஈரம் ஜாஸ்தி, சோப்பு மேல முத்து முத்தா வேர்க்கும். மூடி வைக்காதீங்க, தட்டியில அடுக்குங்க. காஸ்டிக்கைத் தண்ணியில போடணும், தண்ணியைக் காஸ்டிக்ல ஊத்தக் கூடாது, கொதிச்சுத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகாது.

என்னதான் கவனமாச் செஞ்சாலும் உண்மையான சோப்போட பிஎச் (அமிலமா காரமான்னு காட்டுற அளவு) 9, 10 பக்கம் நிக்கும், தோலோடது 5 பக்கம். அதனால 'பிஎச் பேலன்ஸ்ட்'னு யாராவது அட்டையில சேக்கச் சொன்னா மறுத்துடுங்க.

'சூதிங்' போடலாமான்னா, தொட்டா இதமா இருக்குங்கிற அளவுக்குப் போடலாம். அதே மூச்சுல 'ஹீல்ஸ்', 'க்யூர்ஸ்'னு சொறி, படை பேரோட எழுதிட்டா அது அழகுப்பொருள் இல்ல, மருந்து. சட்டம் வேற. அழகுப்பொருள் செஞ்சு விக்கவே 2020 விதிகள்படி உரிமம் வேணும், அதையும் குழுவுல கேட்டு வச்சுக்கங்க. 'எமோலியன்ட்'னு ஒரு சொல் இருக்கு, தோலை இளக வைக்கிறதுன்னு அர்த்தம். எண்ணெய்க்கும் களிம்புக்கும் அது சரி. கழுவிவிடுற சோப்புக்கு எடுபடாது.

பாம்பன்கரை:

மூணு பேருக்கும் நன்றி. கேட்டுப் பார்த்தேன் தங்கச்சி, குழுவில் 150 கிராம்தான் போடுகிறார்கள், ஆறு வாரம் வைக்கிறார்கள். 'மேட் வித் எக்ஸ்ட்ரா கோகனட் ஆயில், ஜென்டில் ஆன் ட்ரை ஸ்கின்' என்று மாற்றிவிட்டேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். ஜனவரி, பிப்ரவரி சாயங்காலத்துக்கு 'பாமி' சரியா, 'ப்ளெஸன்ட்' சரியா? அறை முன்னால் உள்ள தோப்புக்கு 'காம், க்வயட், ட்ராங்க்வில் அண்ட் ஸெரீன்' என்று வைத்திருக்கிறேன், அதிகமா? உச்சரிப்பையும் சொன்னால் தொலைபேசியில் பேசும் பிள்ளைக்கு உதவும்.

கீழக்கரை_வாத்தியார்:

ஜனவரி சாயங்காலத்துக்கு 'பாமி' பிரமாதம். கதகதப்பான, மிருதுவான, உடம்பை உறுத்தாத காற்று என்று பொருள். 'பாம்' என்ற தைலத்திலிருந்து வந்தது. குளிரடிக்கும் நாட்டிலிருந்து வருகிறவர் அந்த ஒரு சொல்லைப் பார்த்தே பெட்டி கட்டுவார். மே மாத மத்தியானத்துக்கு அதைப் போட்டால் பொய். அது 'ஹாட் அண்ட் ஹ்யூமிட்'. புழுக்கத்துக்கு 'ஸல்ட்ரி' என்றும் சொல் உண்டு, ஆளைப் பற்றிச் சொன்னால் வேறு மாதிரி அர்த்தமாகிவிடும், விட்டுவிடுங்கள். 'பாமி'யை எழுதும்போது 'எல்'லை விட்டு 'ஆர்' போட்டுவிடாதீர்கள், அது பிரிட்டனில் கிறுக்கு என்று பொருள்படும் வேறு சொல். 'ப்ளெஸன்ட்' எதற்கும் வரும், அதனால்தான் எதையும் காட்டாது. 'அக்ரீயபிள்' இன்னும் பழைய வாசம். பேச்சில் அது பெரும்பாலும் 'சம்மதம்' என்ற பொருளில்தான் வரும்.

'பாமி', 'காம்', 'பாம்' மூன்றிலும் 'எல்' எழுத்தில் மட்டும். 'கால்ம்' என்று பிள்ளை அழுத்த வேண்டாம். 'சூதிங்'கில் நாக்கு நுனி மேல்பல்லைத் தொட்டு அதிர வேண்டும், 'தட்' என்பதில் வருவது போல. 'ஸ்வாவ்' என்பதை 'சூவேவ்' என்று வாசிப்பவர்கள் உண்டு, உங்கள் பக்கத்தில் அது இல்லாததால் கவலையில்லை.

தோப்பு வரியில் நாலு சொல்லும் ஒரே வேலையைச் செய்கின்றன. 'க்வயட்' காதுக்கு. 'காம்' கலக்கம் இல்லாததற்கு. வெப்பத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து, எல்லாம் ஓய்ந்து கிடக்கும் உச்சிவெயில் நேரம் என்ற வழியாக வந்தது என்பார்கள். 'ட்ராங்க்வில்' இடத்துக்கு. 'ஸெரீன்' வானத்துக்கும் முகத்துக்கும் அழகு. 'ப்ளாஸிட்' ஏரிக்குச் சரி, மனிதருக்குப் போட்டால் சற்று மந்தம் என்று படும். தோப்புக்கு 'க்வயட்' ஒன்றை வைத்துக்கொண்டு, மற்ற மூன்றின் இடத்தில் ஒரு தகவல் வையுங்கள்: ரோடு எவ்வளவு தூரம், இரவு ஜெனரேட்டர் ஓடுமா, ரயில் சத்தம் கேட்குமா. கேட்கும் என்றால் கேட்கும் என்றே போடுங்கள். 'க்வயட்' என்று நம்பி வந்தவர் அதிகாலை ரயிலுக்கு விழித்தால் மதிப்புரையில் அந்தச் சொல்லையே திருப்பி அடிப்பார்.

இன்னொன்று. 'ரிலாக்ஸிங்', 'சூதிங்', 'காமிங்' எல்லாம் இடத்துக்கும் பொருளுக்கும். 'ரிலாக்ஸ்ட்' ஆளுக்கு. 'ஃபீல் ரிலாக்ஸிங் இன் அவர் ரூம்' என்று நம் பக்கத்துப் பலகைகளில் பார்க்கிறேன். அது 'ஃபீல் ரிலாக்ஸ்ட்' என்று இருக்க வேண்டும். வரவேற்பு என்ற சொல்லுக்கு முன்னால் 'வார்ம்' போடலாம். குளிக்க 'லூக்வார்ம் வாட்டர்' சரி, 'லூக்வார்ம் வெல்கம்' என்றால் ஏனோதானோ என்று கதவைத் திறந்ததாகிவிடும்.

மண்டபம்_படகு:

அண்ணே, படகு வரியை ஒரே தடவை அச்சடிச்சு ஒட்டிடாதீங்க. கச்சான் காலத்துக்கு ஒரு அட்டை, 'நார்த் ஷோர், யூஷ்வலி காம்'. வாடைக்கு ஒரு அட்டை, 'ஸௌத் ஷோர்'. 'யூஷ்வலி'யை மறக்காதீங்க. ரெண்டுக்கும் கீழ 'ட்ரிப்ஸ் கான்ஸல்ட் இன் ஃப்ரெஷ் ஆர் ஸ்ட்ராங்கர் விண்ட்ஸ்'னு ஒரு வரி. நீங்க முதல்ல எழுதின 'ஃப்ரெஷ்'ஷுக்குச் சரியான இடம் அதுதான். காலையில மீனவர் எச்சரிக்கை வந்திருக்கான்னு பாத்துட்டு, வந்திருந்தா அட்டையைத் திருப்பிப் போட்டுடுங்க.